விழாமல் நின்ற காட்டேரிக்கு

டப்பா மூடியைத் திறந்ததும் பல்பொடி வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே பொடி ஒரு துளியும் இல்லை. பஞ்சில் சுற்றி உன் பற்கள்தான் இருந்தன. வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியை பிளேடால் அறுத்து, வாசற்படிக் கல்லில் தேய்த்துத் தேய்த்து நீயே கூராக்கிய இரண்டு கோரைப் பற்கள். மேல்பல்லில் மாட்டுவதற்கு நீ வளைத்த கம்பி மட்டும் கொஞ்சம் துரு ஏறியிருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அவற்றைப் பல்பொடி டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறாய் என்றால் உனக்கு எவ்வளவு கொழுப்பு இருந்திருக்க வேண்டும்.

உன் மகள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். நேற்று அமாவாசை. தறிக்கு லீவு என்பதால் ஆரணியில் பஸ் ஏறி தேவிகாபுரம் வந்திருந்தாள். முகம் அப்படியே உன்னுடையது, பேச்சு மட்டும் மரியாதையாக இருந்தது. "சரசு பெரிம்மா, இத்த உங்ககிட்டதான் கொடுக்கணும்னு சொல்லிச்சு எங்கம்மா" என்றாள். வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். கொடுத்தால் அவளுக்கே தெரியும் என்று சொன்னாயாம்.

தெரிந்தது. மன்னிப்பு கேட்கிற வழக்கம் உனக்கு ஒருநாளும் கிடையாது. காலை மிதித்துவிட்டால்கூட "காலை ஏண்டி அங்க வெச்சே" என்று கேட்கிறவள் நீ. சாகும்போதும் அந்த ஒரு வார்த்தையை வாயால் சொல்ல மனசு வராமல், பல்லைக் கழற்றி அனுப்பியிருக்கிறாய்.

நீ செத்த சேதி எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது. பஸ் இருந்தது, நேரமும் இருந்தது. வேண்டுமென்றேதான் வரவில்லை. செத்தவளை இன்னும் ஏன் திட்டுகிறாய் என்று அண்ணி கேட்கிறாள். உயிரோடு இருந்தபோது திட்டியது போதவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் படத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான். ஏதோ குளிர் நாட்டுப் படம், தமிழில் பேச வைத்திருந்தார்கள். மலைக்கோட்டையில் ஒரு பிரபு. பகலில் பெட்டிக்குள் பிணமாகக் கிடப்பான், இருட்டினால் எழுந்துவந்து பெண்களின் கழுத்தைக் கடித்து ரத்தம் குடிப்பான், வெயில் பட்டால் செத்து விழுவான். வேலூரில் வந்த வேகத்தில் பெட்டியைக் கட்டி அனுப்பிய படம் அது. ஆரணிக்கு வந்த அன்று அமாவாசையாகப் போய்விட்டது. ஊரில் ஒரு தறியும் ஓடாத நாள். தலைக்குக் குளித்துப் படையல் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் மொத்தத் தறிக்கார ஜனமும் மத்தியான ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தது. கொட்டகைக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை அதே படம்தான்.

மற்ற ஊரில் பேய்ப்படம் பார்த்துப் பயப்படுவார்கள். நம் ஊரில் அந்தப் பேயோடு சேர்ந்து வசனம் பேசினார்கள். வருடக்கணக்கில் ஓட்டி ஓட்டி ரீல் தேய்ந்துபோய், பாதி இடத்தில் பேச்சே கேட்காது. கேட்காத இடத்தை எல்லாம் பெண்கள் பெஞ்சிலிருந்து நாம்தான் நிரப்பினோம். அவன் சன்னலுக்கு வெளியே நின்று திறக்கச் சொல்லி அந்தப் பெண்ணைக் கெஞ்சுவான். கொட்டகை முழுக்க "தெறக்காதடி" என்று கத்தும். முதல் குரல் எப்போதும் உன்னுடையது. அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் நீ போட்ட சத்தத்துக்கு அவள் பிழைத்திருப்பாள்.

அந்தப் பைத்தியம்தான் உன்னை நாடகம் போட வைத்தது. நம் மகளிர் குழுவுக்கு ஆண்டு விழா வந்தது. வங்கி மேனேஜர் வருகிறார், விழிப்புணர்வு நாடகம் ஒன்று வேண்டும் என்றார்கள். மற்ற குழுக்கள் சிறுசேமிப்பு, புகையில்லா அடுப்பு என்று போட்டுக்கொண்டிருந்த காலம். மேனேஜரும் வந்திருந்த கூட்டத்தில் நீ எழுந்து, நாம் காட்டேரி போடலாம் என்றாய். பாட்டோடு, ஆட்டத்தோடு, படத்தில் உள்ளது உள்ளபடி. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதில் என்னம்மா விழிப்புணர்வு என்று கேட்டார். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ரத்த சோகை சார்" என்றாய்.

அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். சிரிப்பை அடக்க நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அந்த ஒரு பதிலுக்காக உன்னை மறுபடி எனக்குப் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் அடுத்ததற்குப் போகிறேன்.

காட்டேரி வேஷம் யாருக்கு என்று யாரையும் நீ கேட்கவில்லை. அடுத்த முறை வரும்போதே பல்லை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாய். எனக்குப் பாட்டு வரும் என்பதால் கடிபடுகிற பெண் நான். பாட்டு மொத்தமும் கட்டியது நான். உன் குரலுக்கு ஸ்ருதி என்ற ஒன்று கிடையாது. ஆனாலும் மேடைக்கு நடுவில் நிற்பாய், வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்பாய், என் வரியையும் சேர்த்து நீயே பாடிவிடுவாய். "சன்னலைத் திற பெண்ணே, தாகத்தோட வந்திருக்கேன், தண்ணி வேணாம் மோரு வேணாம், தங்கமே உன் கழுத்து போதும்" என்று உனக்காக நான் கட்டியதை, ஏதோ காய்கறி விற்கிறவள் மாதிரி கூவினாய். சொன்னால், "ரத்தம் குடிக்கிறவனுக்கு இன்னாடி சங்கீதம்" என்பாய்.

ஒத்திகை அமாவாசையில் மட்டும்தான் முடிந்தது. மற்ற நாளெல்லாம் அவரவர் வீட்டுத் தறியில் உட்கார்ந்து, நெய்துகொண்டே பாடிப் பழகினோம். எல்லோருக்கும் பாட்டு நன்றாக வந்துவிட்டது என்று நினைத்தோம். ஒத்திகைக்குக் கூடி நின்று வாயைத் திறந்தால், ஒருத்தி ஓடுகிறாள், இன்னொருத்தி இழுக்கிறாள், மூன்றாமவளுக்கு அடுத்த வரியே வரவில்லை. காலுக்குக் கீழே தறியின் மிதி இல்லாமல் எங்களில் ஒருத்திக்கும் தாளம் நிற்கவில்லை. நீ எல்லோரையும் நாயே பேயே என்று திட்டிவிட்டு, எங்கிருந்தோ பலகைகளைப் பொறுக்கி வந்து ஆளுக்கொன்றாகக் காலடியில் போட்டாய். மிதித்துக்கொண்டே பாடச் சொன்னாய். பாட்டு சேர்ந்துகொண்டது. மேடையிலும் அப்படியே பலகையோடு நிற்பது என்று ஆயிற்று. அந்த நாடகத்தில் நீ செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

சூரியன் யோசனை என்னுடையது. இதை எத்தனை பேரிடம் உன்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய் என்று எனக்குத் தெரியும். விழா நடக்கிற கல்யாண மண்டபத்தில் மேடைக்கு மேற்கே ஒரு பெரிய சன்னல். அதைக் கம்பளிப் போர்வையால் மூடிவிட்டால் மேடை இருட்டு. சாயங்கால வெயில் அந்தச் சன்னலுக்கு நேராக வருகிற வேளையில் கடைசிக் காட்சி வரும்படி வைத்துக்கொண்டால், நான் கடைசிப் பாட்டைப் பாடி முடித்துப் போர்வையை இழுப்பேன், நிஜ வெயில் உன்மேல் விழும், நீ சாக வேண்டும். அந்தக் கடைசிப் பாட்டு நாலே வரி. காட்டேரியைச் சபிக்கிற பாட்டு இல்லை. போய்ப் படுத்துக்கொள், போதும் என்று சொல்லி அனுப்புகிற பாட்டு. ஒத்திகையில் நான் முதல் வரியைத் தொடங்கியதுமே நீ நிறுத்திவிட்டாய். "அத்த ஆட்டத்தன்னிக்குப் பாடிக்க. இப்பவே பாடினா எனக்கு அழுக வந்துரும்" என்றாய். முழுதாக அதை யாரும் கேட்டதில்லை.

இனி கழுத்துக்கு வருகிறேன்.

என்னைக் கட்டியவர் சாயக்காரர் என்பது ஊருக்கே தெரியும். அவர் போட்ட சாயம் பட்டு கிழிந்தாலும் போகாது என்று பெயர். அவர் கைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். முகத்தில் அடிக்க மாட்டார், வெளியே தெரியும் என்று. கழுத்தைப் பிடிப்பார். நான் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு நடமாடினேன். நாடகம் வந்தபிறகு எனக்கு ஒரு வசதி கிடைத்தது. கடித்த அடையாளத்துக்கு அவரிடமே சிவப்புச் சாயம் வாங்கிப் பஞ்சில் தொட்டு வைத்துக்கொண்டோம். பட்டைப் பிடிக்கிற சாயம் தோலையும் பிடித்துக்கொள்ளும், எத்தனை குளித்தாலும் சீக்கிரத்தில் போகாது. அப்புறம் கழுத்தில் எது தெரிந்தாலும் ஒத்திகைச் சாயம் என்று சொல்லிவிடலாம். எல்லோரும் நம்பினார்கள்.

நீ நம்பவில்லை. உன் வீட்டு ஒத்திகையில், கடிக்கிற இடத்தைக் குறிப்பதற்காக முந்தானையை இழுத்தாய். இழுத்த கை அப்படியே நின்றது. மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, "இன்னாடி இது" என்றாய். நான் சாயம் என்றேன். "நானும் தறிக்காரிதான். கத்திரிப்பூ நெறத்துல நாம எப்ப சாயம் வாங்கினோம்?" என்றாய். அதன் பிறகு மறைக்க முடியவில்லை. சொன்னேன். சொல்லும்போது நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

ஆனால் அதோடு இன்னொன்றையும் சொன்னேன், நினைவிருக்கிறதா? என் தங்கைக்கு ஆரணியிலேயே ஒரு இடம் அமைந்திருந்தது. நல்ல பையன், அவளுக்கும் பிடித்திருந்தது. தை பிறந்ததும் கல்யாணம். மூத்தவள் புருஷனை விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தால் அந்த வீட்டார் ஒரு நிமிஷம் நிற்க மாட்டார்கள். தாலி ஏறட்டும், அடுத்த நாளே நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறேன், அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு என்று உன்னைக் கெஞ்சினேன். என் கணக்கு எனக்கு இருந்தது. பயந்து கிடந்தவள் இல்லை நான், காத்திருந்தேன். நீ சாமி மாடத்திலிருந்து கற்பூரத்தை எடுத்து ஏற்றி, உள்ளங்கையால் அணைத்து, "சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாய்.

விழா அன்று நீ செய்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மண்டப வாசலில் அவரைப் பார்த்ததும் "வாங்கண்ணா, வாங்க" என்று கூட்டிப்போய் முன்வரிசையில் மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாய். நாடகத்துக்குச் சாயம் கொடுத்தவர், உன் அங்கிக்குக் கறுப்பு போட்டுக் கொடுத்தவர் என்று மைக்கில் சொல்லிக் கைதட்டல் வாங்கிக் கொடுத்தாய். உனக்கு மரியாதை தெரிந்திருக்கிறதே என்று நான்கூட சந்தோஷப்பட்டேன். அவரை எதற்காக அவ்வளவு அருகில் உட்கார வைத்தாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாடகம் நன்றாகத்தான் போனது. பலகைகள் ஒரே சீராக மிதிபட்டன, மண்டபமே ஒரு தறிக்கொட்டகை மாதிரி அதிர்ந்தது. உன் ஸ்ருதி கெட்ட சன்னல் பாட்டுக்கு மண்டபம் மொத்தமும் "தெறக்காதடி" என்றது, பின்வரிசையில் கிழவர்கள்கூட எழுந்து நின்று சொன்னார்கள். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் நாடகத்துக்கு வைத்த அட்டைச் சன்னலைத் திறக்கிறேன், நீ உள்ளே வருகிறாய், அங்கியை விரித்து என்னை மூடுகிறாய். அந்த மறைவில் பஞ்சால் இரண்டு பொட்டு வைக்க வேண்டும், பிறகு அங்கியை விலக்க வேண்டும். பழகியது அப்படித்தான்.

உன் கையில் பஞ்சு இல்லை. "பஞ்சு எங்கடி" என்று முணுமுணுத்தேன். "தேவையில்ல" என்றாய். பல்லை மாட்டிக்கொண்டு பேசியதால் குழறியது, ஆனாலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. முந்தானையில் நான் குத்தியிருந்த ஊக்கை நீ கழற்றுவதும் தெரிந்தது. அடுத்த நொடி அங்கியை விலக்கி, என் தோளைப் பிடித்து, முன்வரிசைக்கு நேராகத் திருப்பி நிறுத்தினாய்.

மண்டபம் கை தட்டியது.

அந்தக் கைதட்டலை நீ எதிர்பார்க்கவில்லை என்று உன் முகத்தில் பார்த்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து, "இன்னாமா போட்டுகிறாங்க பாரு, நெஜக் காயம் மாதிரியே கீது" என்று குரல் வந்தது. நீ என்ன செய்திருக்க வேண்டும்? அங்கேயே விட்டிருக்க வேண்டும். எதையும் விடத்தான் உனக்குத் தெரியாதே. மேடையில் இருந்த குடத்தில் துணியை நனைத்துக்கொண்டு வந்து, எல்லோருக்கும் எதிரில் என் கழுத்தைத் தேய்த்தாய். வலித்தது. அழுத்தித் தேய்த்தாய். "பாருங்க. நல்லா பாருங்க. போவுதா பாருங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாய். நான் எழுதாத வசனம் அது.

ஈரத்துணியால் தேய்த்தும் சாயம் போகவில்லை என்றால் நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம்? பிறந்ததிலிருந்து பட்டுக்கு நடுவில் கிடந்த உனக்கு அந்த ஒரு நிமிஷம் அது மறந்துபோய்விட்டது. கடைக்காரர் தேய்த்துப் பார்க்கிறார், வியாபாரி தேய்த்துப் பார்க்கிறார், கல்யாணப் பெண்ணின் அம்மா தேய்த்துப் பார்க்கிறாள். போகவில்லை என்றால் எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார்கள். அப்படிப்பட்ட ஜனத்துக்கு முன்னால், போகவில்லை என்று காட்டி, இது சாயம் இல்லை என்று நிரூபிக்கப் பார்த்தாய். பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். "எப்படிம்மா போவும்? அவங்க வூட்டுக்காரரு போட்டதாச்சே."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. கேலியே இல்லாத, பெருமைச் சிரிப்பு. மேனேஜர் பக்கத்தில் இருந்த சாயக்காரர் பக்கம் திரும்பிக் கை கொடுத்தார். அவர் கையைக் கொடுத்தார். பிறகு எழுந்து, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதை நான் மேடையில் நின்று பார்த்தேன். என் கழுத்திலிருந்து தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் செய்ததை நான் தாங்கினேன், அதற்கு ஊரே கை தட்டியதையும் என்னைத் தாங்க வைத்தாய். யாருக்கும் தெரியக்கூடாது என்று நான் காப்பாற்றி வைத்திருந்ததை, எல்லோருக்கும் காட்டி, ஒருவருக்கும் தெரியாமல் செய்துவிட்டாய். தெரிய வேண்டாத ஒரு ஆளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது, நான் வாயைத் திறந்துவிட்டேன் என்று.

நான் மேடையின் பின்வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டேன். எனக்குப் பின்னால் பலகைகள் மிதிபட்டுக்கொண்டே இருந்தன. என் கடைசிப் பாட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள், பாவிகள். போர்வையை யாரும் இழுக்கவில்லை. நீ மேடை நடுவில், அங்கியை விரித்தபடி, பல்லோடு வாயைத் திறந்தபடி அப்படியே நின்றாயாம். விழச் சொல்லிப் பக்கத்திலிருந்து சைகை காட்டினார்களாம். நீ விழவில்லையாம். கடைசியில் யாரோ திரையை இழுத்து முடித்தார்களாம்.

அன்று வீட்டில் நடந்ததை எழுத மாட்டேன். உனக்குக் காட்டியது ஒருமுறை போதும். விடிந்ததும் முதல் பஸ்ஸில், துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தேவிகாபுரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கினேன். பொங்கல் வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டார்கள், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. தங்கை என்னைத் திட்டவில்லை. வாங்கி வைத்திருந்த வளையல்களைப் பெட்டியில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அடுக்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கும் நீதான் பொறுப்பு.

அடுத்த அமாவாசைக்கு நீ வந்தாய். வாசலிலேயே நிறுத்தினேன்.

"சத்தியம் பண்ணியே."

"யார்கிட்டயும் சொல்லலியே நானு."

அந்தப் பதிலைக் கேட்டபோது உன்னை அறைய வேண்டும் என்று இருந்தது. அறைந்திருக்கலாம். நீ தலையைக் குனிந்துகொண்டு, "நாலு பேரு பாத்துட்டா அவன் அடங்கிடுவான்னு நெனச்சேன் சரசு. தை வரைக்கும் நீ இருப்பியான்னு எனக்குப் பயமா இருந்துச்சு" என்றாய். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ நிமிர்ந்து, "இப்ப நீ அவன்கூட இல்லல்ல" என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இனிமே இந்தப் படி மிதிக்காத" என்றேன். நீ மிதிக்கவில்லை. உன் ஆயுசில் நீ காப்பாற்றிய ஒரே வாக்கு அதுதான், அதுவும் நீ கொடுத்தது இல்லை.

எல்லாம் நல்லதுக்குத்தான் என்று இப்போது சொல்கிறார்கள். அண்ணன் ஒரு தறி போட்டுக் கொடுத்தார். நான் நெய்கிறேன், என் சாப்பாடு என்னுடையது. தங்கை பிறகு கலசப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டாள், புருஷன் தங்கமானவன், இரண்டு பிள்ளைகள். நன்றாகத்தான் இருக்கிறாள். அது உன் புண்ணியம் இல்லை. அந்த ஆள் இன்னமும் ஆரணியில் சாயம் போடுகிறார், நல்ல சாயக்காரர் என்று இன்னமும் பெயர். நீ என்னை மீட்டதாக ஒரு கதை நம் பெண்களுக்குள் உலாவுகிறது என்று கேள்விப்பட்டேன். கிளம்பத் தயாராக நின்றவளை, கிளம்புகிற நாளைக்கூடத் தானே குறித்து வைத்திருந்தவளை, நீ பிடித்துத் தள்ளிவிட்டாய். என் காலால் நான் நடந்து வெளியே வந்திருக்க வேண்டிய வாசல் அது. தை வரைக்கும் நான் இருந்திருப்பேனா என்று சில சமயம் நினைக்கத்தான் செய்கிறேன். அப்படி நினைக்க வைத்ததற்கும் உன்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

நேற்று உன் மகள் காபியை ஆற்றிக்கொண்டே ஒன்று கேட்டாள். "அமாவாசைக்கு அமாவாசை எங்கம்மா உங்களப் பாக்கத்தானே இங்க வரும். ரெண்டு பேரும் இன்னா பெரிம்மா அவ்ளோ நேரம் பேசிகினு இருப்பீங்க?"

நீ வந்தது எனக்குத் தெரியும். பெரிய கோயில் வாசலில், பூக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். நான் கோயிலுக்குப் போகிற வேளை உனக்குத் தெரியும். முதல் சில தடவை நான் கழுத்தைச் சுற்றி முந்தானையைப் போட்டுக்கொண்டு உன்னைத் தாண்டிப் போனேன். அப்புறம் ஒரு நாள் போட்டுக்கொள்ளாமல் போனேன். உனக்குக் காட்டுவதற்காகத்தான், பொய் சொல்வானேன். நீ பார்த்தாய். எழுந்திருக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. பூக்காரியிடம் ஏதோ விலை பேசினாய், வழக்கம்போலச் சத்தமாக. அடுத்த அமாவாசைக்கும் வந்தாய். வெயிலோ மழையோ, நானும் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை.

உன் மகளிடம், "நாடகத்தப் பத்திதான் பேசுவோம்" என்று சொன்னேன். அவள் சிரித்தாள். சிரிக்கும்போதும் உன் முகம்தான். அவளுக்காகச் சொன்ன பொய் அது, உனக்காக இல்லை.

அவள் கிளம்பின பிறகு பற்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூக்கிக் குப்பையில் போடத்தான் எடுத்தேன். போடவில்லை. தறி மேடைக்கு மேலே இருக்கிற மாடத்தில் வைத்திருக்கிறேன். இன்று காலை தறியில் உட்கார்ந்ததும் கால் தானாக அந்தத் தாளத்தில் மிதிக்க ஆரம்பித்தது. எப்போதும் அப்படித்தான், இத்தனை வருடமும் அப்படித்தான். கால் மிதிக்கும், கடைசிப் பாட்டின் முதல் வரி தொண்டை வரைக்கும் வரும், நான் வாயை இறுக்கிக்கொள்வேன்.

அந்த நாலு வரியும் ஒரு எழுத்து மறக்காமல் என்னிடம் இருக்கிறது. உன்னைப் புதைத்த இடத்தில் வந்து நான் பாடுவேன் என்று எதிர்பார்த்துத்தான் பல்லை அனுப்பினாயோ என்னவோ. பாட மாட்டேன். பாடினால் போர்வையை இழுக்க வேண்டும், வெயில் விழும், நீயும் விழுந்துவிடுவாய். அப்புறம் நான் யாரோடு சண்டை போடுவேன்? விழாதே. அன்றைக்கு நின்றாயே, அப்படியே நில்.